பாவித்த மீன் தொட்டி: கழுவுதலும் அமைத்தலும்

வீட்டுத் தொழிற் பாடம்

பாடத்தின் நோக்கம்: பிறர் பாவித்த தொட்டியொன்றை வாங்கி அலங்கார மீன் வளர்க்க விரும்பும் குடும்பங்கள், கைப்பணத்தை இழக்காமலும் பிள்ளைகளுக்கு ஆபத்து நேராமலும் அதை அமைக்கக் கற்றுக்கொள்ளல்.

முன்னுரை

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பாவித்த பொருள் புதியதல்ல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வந்தவர்களும், 1996இல் கிளிநொச்சி நகரை விட்டு வந்தவர்களும் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கங்களில் தங்கியபோது தகரம், பீப்பா, சைக்கிள், நீரிறைக்கும் இயந்திரம் யாவும் கைமாறியே கிடைத்தன. 2008இல் அந்த ஊர்களும் இடம்பெயர்ந்தன. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வளவுக்குத் திரும்பியவர்களும், திரும்ப வழியின்றி வேறிடத்தில் குடியமர்ந்தவர்களும் மறுபடி பாவித்த பொருள்களிலிருந்தே தொடங்கினார்கள். ஆகவே பாவித்ததை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பீப்பாவுக்கும் மீன் தொட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பீப்பாவைக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. மீன் தொட்டியைக் கழுவினால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி தண்ணீருக்குள் நடக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்கு மேலும் எடுக்கும்.

இதை அறியாத வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இன்று தொட்டி வாங்கி, இன்றே கழுவி, நாளை மீன் விடுவார்கள். இரண்டாம் கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். "எங்கட கைக்கு மீன் சரிவராது" என்று சொல்லித் தொட்டியை வேலியோரம் வைத்துவிடுவார்கள். மாரி மழையில் அதற்குள் நுளம்பு பெருகும். கைராசியில் குறையில்லை, முறையில்தான் குறை. அந்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மீன் வளர்ப்பால் என்ன பயன்?

காலபோக அறுவடை முடிந்தபின் கையில் காசு குறைவான மாதங்கள் பல. அம்மாதங்களில் வீட்டு நிழலில், பெண்களும் முதியவர்களும் செய்யக்கூடிய வேலைகளில் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்று. இலங்கையிலிருந்து அலங்கார மீன்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அவற்றில் கப்பி மீனுக்கு முக்கிய இடம் உண்டு. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நக்டா, நன்னீர் மீன் வளர்ப்புக்கும் அலங்கார மீன் வளர்ப்புக்கும் பொறுப்பான நிறுவனம். தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த கொளத்தூரில் வீட்டு முற்றங்களிலும் மொட்டை மாடிகளிலும் தொட்டி கட்டி வண்ண மீன் பெருக்கும் குடும்பங்கள் பல. அங்குள்ள மீன் சந்தை நாடறிந்தது.

எனினும் ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தொட்டியால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடாது. முதல் தொட்டி ஒரு பள்ளிக்கூடம். அதில் மீனை ஆறு மாதம் உயிரோடு வைத்திருக்கப் பழகிய பின்பே இரண்டாவது தொட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். முதல் தொட்டிக்காகக் கடன் எடுக்க வேண்டாம். நகை அடகு வைக்க வேண்டாம்.

1. வாங்குமுன் கேட்க வேண்டியவை

விலையைக் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: இதில் முன்பு என்ன இருந்தது? பூச்சிமருந்து, களைநாசினி, மண்ணெண்ணெய், பெயின்ற், பற்றறி அமிலம் ஆகியவற்றில் ஏதாவது இருந்த தொட்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மிளகாய், வெங்காயத் தோட்டங்களில் மருந்து கலக்கிய சீமெந்துத் தொட்டிகளும் அப்படியே. சீமெந்து மருந்தை உறிஞ்சி வைத்திருந்து பின்பு சிறிது சிறிதாகத் தண்ணீரில் விடும். பயிரைத் தின்னும் புழுவைக் கொல்ல ஆக்கிய மருந்து, கிராமில் மிகச் சிறு பங்கானாலும் மீனைக் கொல்லும்.

இரண்டாவது: இதில் இருந்த மீன்களுக்கு என்ன நடந்தது? விற்றுவிட்டோம் என்றால் நல்லது. நோயால் இறந்தன என்றால் எப்படி இறந்தன என்று கேளுங்கள். மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, புண் வந்து நாளாந்தம் ஒன்றிரண்டாக இறந்திருந்தால் அது மீன் காசமாக இருக்கலாம். அக்கிருமி சாதாரண கழுவலுக்குச் சாகாது. அத்தொட்டியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது: எவ்வளவு காலம் வெறுமையாகக் கிடந்தது? வெயிலில் நெடுங்காலம் காய்ந்து கிடந்த கண்ணாடித் தொட்டியின் மூலைகளில் உள்ள சிலிக்கன் பசை இறுகி வெடித்திருக்கும். நகத்தால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இறப்பர் போல் நெகிழ்ந்தால் நல்லது. ஓரம் கிளம்பினால், உள்ளே குமிழ்கள் தெரிந்தால், இலகுவாக உரிந்தால் அது பழுது.

கண்ணாடியில் கீறல் வேறு, வெடிப்பு வேறு. நகம் மாட்டாத மேற்கீறலால் கெடுதியில்லை. ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் வெடிப்பு, சிறியதாயினும், தண்ணீர் நிரப்பியபின் வளரும். அத்தகைய தொட்டியை வாங்க வேண்டாம்.

தொட்டியின் உயரத்தையும் கவனியுங்கள். கண்ணாடியை வெளியே தள்ளும் அழுத்தம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல. ஆழம் இரட்டித்தால் அடியில் அழுத்தமும் இரட்டிக்கும். பழகாதவர்களுக்கு 30 சென்ரிமீற்றர் உயரமான அகலத் தொட்டியே பாதுகாப்பு. அகலமான தொட்டியில் காற்றுப் படும் மேற்பரப்பும் கூட. மீனுக்கு ஒட்சிசன் நன்றாகக் கிடைக்கும்.

2. கொண்டு வருதல்

தண்ணீரோ கல்லோ உள்ளே இருக்க ஒருபோதும் தூக்கக் கூடாது. இருவர் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். மேல் விளிம்பில் பிடித்தால் பசை விடும். உழவு இயந்திரப் பெட்டியிலோ ஓட்டோவிலோ ஏற்றும்போது அடியில் வைக்கோல் அல்லது பழைய மெத்தையும், சுற்றிச் சாக்கும் வையுங்கள். விளிம்புகள் வெட்டும். தடித்த துணியோ கையுறையோ அணியுங்கள்; காலில் செருப்பு இருக்கட்டும்.

பழைய கல், பஞ்சு, செடி, மீன்வலை ஆகியவற்றைச் சேர்த்துத் தருவார்கள். பஞ்சையும் செடியையும் ஏற்க வேண்டாம். கல்லை விரும்பினால் கொதிக்கும் நீரில் 20 நிமிடம் அவித்துப் பாவிக்கலாம்.

3. ஒழுக்குப் பார்த்தல்

கழுவுமுன் ஒழுக்குப் பாருங்கள். ஒழுகும் தொட்டியைக் கழுவி என்ன பயன்?

வெளியே, சமமான நிலத்தில், மட்டமான பலகையின்மேல் வையுங்கள். பலகையில் பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். முதலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். பின் அரைவாசி, பின் நிறைய. நிறைந்த தொட்டியை முழுதாக ஒரு நாள், இயன்றால் இரு நாள் விடுங்கள். தாள் நனைந்த இடம் ஒழுக்கைக் காட்டிவிடும். அந்நேரம் சிறுபிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

பசை ஒழுகினால் திருத்தலாம். ஆனால் பழைய சிலிக்கனின் மேல் புதியது ஒட்டாது. உள்ளோரப் பசை முழுவதையும் புதிய பிளேட்டால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிற்றால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் புதிதாகப் பூச வேண்டும். மீன் தொட்டிக்கு உகந்தது என்று எழுதிய சிலிக்கனையே வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சணத்தைத் தடுக்கும் நஞ்சு கலந்திருக்கும். அது மீனைக் கொல்லும். பூசியபின் ஒரு கிழமை காயவிட்டு மறுபடி ஒழுக்குப் பாருங்கள்.

4. கழுவுதல்

சவர்க்காரம், சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். அவற்றின் எச்சம் பசையிலும் மூலைகளிலும் தங்கும். அது மீனின் செவுள்களைக் கெடுக்கும். சட்டி தேய்த்த பழைய பஞ்சும் வேண்டாம். புதியது வாங்கி மீன் தொட்டிக்கென்றே ஒதுக்குங்கள்.

குடிநீர்க் கிணற்றுக்குத் தொலைவில் வைத்துக் கழுவுங்கள். வேலையை நான்கு படியாகச் செய்யலாம்.

முதற்படி: வெறும் தண்ணீரும் கறியுப்பும் கொண்டு உட்சுவர்களைத் தேயுங்கள். தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலுள்ள பகுதியை அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது அங்கேதான். அம்முட்டைகள் சுவரில் ஒட்டியபடி பல மாதம் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். காய்ந்த தொட்டி என்பதால் நுளம்பு இல்லை என்று எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: கேத்தலின் அடியில் பிடிப்பது போன்ற வெள்ளைப் படிவு கண்ணாடியில் இருந்தால் பாதித் தேசிக்காயாலோ வினாகிரியில் நனைத்த துணியாலோ தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மிஞ்சியதைப் புதிய பிளேட்டைச் சரித்து வைத்துச் சுரண்டலாம். பிளேட் பசையில் படக்கூடாது.

மூன்றாம் படி: கிருமி நீக்கல். இதைத் தேசிக்காய் போட்ட நாளில் செய்யாமல், நன்றாகக் கழுவி மறுநாள் செய்யுங்கள். வினாகிரி, தேசிக்காய் போன்ற புளிப்பும் குளோரினும் கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு எழும். வாசனை சேராத, 5 வீதமளவு குளோரின் உள்ள வெளிற்றும் திரவத்தில் 50 மில்லிலீற்றரை 1 லீற்றர் தண்ணீரில் கலந்து, உட்புறம் முழுதும் பூசி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். திறந்த வெளியில், கையுறையுடன், பெரியவர்களே இதைச் செய்ய வேண்டும். கலவையைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

நான்காம் படி: நல்ல தண்ணீரால் நான்கு முறை அலசி, குளோரின் மணம் அறவே போகும்வரை இரு நாள் காயவிடுங்கள். தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்க்க மணம் இருந்தால் இன்னும் அலச வேண்டும்.

கையில் காயம் இருப்பவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். முன்சொன்ன மீன் காசத்துக்குக் காரணமான கிருமிகளில் ஒருவகை காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றும். மாதக்கணக்கில் ஆறாத முடிச்சுப் புண்ணாக அது வெளிப்படும். அப்படிப் புண் வந்தால் வைத்தியரிடம், "நான் மீன் வளர்க்கிறேன்" என்று மறவாமல் சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய துப்பு. தொட்டித் தண்ணீரைக் குழாயால் வாய் வைத்து உறிஞ்சி இறக்குவதும் கூடாது. குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தாழ விட்டால் தண்ணீர் தானே இறங்கும்.

5. வைக்கும் இடமும் மின்சாரமும்

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது இலகு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் வரும். 60, 30, 30 என்ற அளவுள்ள தொட்டி 54 லீற்றர் கொள்ளும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். ஆக, கண்ணாடியும் கல்லும் சேர அது 65, 70 கிலோ நிறை; ஒரு மூடை நெல்லை மேசைமேல் வைத்தது போல. பிளாஸ்ரிக் மேசையும் தொலைக்காட்சி வைக்கும் தாங்கியும் இதைத் தாங்கா. சீமெந்துக் கல் அடுக்கி மேலே தடித்த பலகை போடுவது மலிவும் உறுதியும் ஆகும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பாருங்கள். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான ரெஜிபோம் துண்டு வைத்தால், சிறு மேடுபள்ளத்தால் அடிக்கண்ணாடி வெடிக்காது.

நேர் வெயில் படும் இடம் வேண்டாம். தண்ணீர் சூடேறும், பாசி பிடிக்கும். தவழும் பிள்ளையும் எட்டிப் பிடிக்கும் பிள்ளையும் உள்ள வீட்டில் தொட்டிக்கு வலைமூடி அவசியம். தரையில் வைத்த தொட்டியும் நிரம்பிய வாளியும் சிறுபிள்ளைக்குக் கிணற்றைப் போலவே ஆபத்தானவை.

எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் நான்கு விதிகளைக் கடைப்பிடியுங்கள். கையைத் தண்ணீரில் விடுமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். மின் வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போது வயர் வழி ஓடும் துளி பிளக்குக்குள் போகாது. காற்றுப் பம்பியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் மின்சாரம் தடைப்படும்போது தண்ணீர் குழாய் வழியே பம்பிக்குள் இறங்கும். பாவித்த பம்பியின் வயரில் வெடிப்போ ஒட்டோ இருந்தால் அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். வீட்டில் ரிப் சுவிச் இல்லையென்றால் தொட்டி வாங்குமுன் அதற்கே செலவிடுங்கள்.

மின்சாரம் இல்லாத வீட்டிலும் கப்பி வளர்க்கலாம். மீனின் தொகையைக் குறைத்து நீர்ச்செடியைக் கூட்ட வேண்டும்.

6. தண்ணீரைப் பழக்குதல்

இதுவே பாடத்தின் இருதயம்.

மிளகாய்த் தோட்டத்துக்கு யூரியா போடுகிறோம். அது மண்ணில் அமோனியாவாக மாறுகிறது. மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றுகிறது. பயிர் அதை உண்கிறது. உயிருள்ள மண் என்று நாம் சொல்வது இவ்வேலை நடக்கும் மண்ணைத்தான்.

தொட்டியிலும் இதே வேலை நடக்க வேண்டும். மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அமோனியாவாகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு, நைத்திரைற்றும் நஞ்சு, நைத்திரேற்றால் பெரிய கெடுதியில்லை. நஞ்சை மாற்றும் பற்றீரியா தண்ணீரில் மிதந்து திரிவதைவிடக் கல்லிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டியே அதிகம் வாழும். நாம் தேய்த்து, குளோரின் பூசி, வெயிலில் காயவைத்தபோது கெட்ட கிருமியோடு இவையும் இறந்துவிட்டன. எனவே கழுவிய தொட்டி துப்புரவானது, ஆனால் உயிரற்றது. அதற்குள் மீனை விடுவது, உழாத எருவிடாத கிரவல் தரையில் நாற்று நடுவது போன்றது.

எமது பகுதியில் இன்னுமொரு காரணமும் சேர்கிறது. பல கிணறுகளின் தண்ணீர் வன்தண்ணீர், காரத்தன்மை கூடியது. கால நிலையும் வெப்பம். அமோனியாவின் நச்சுத்தன்மை காரத்தோடும் வெப்பத்தோடும் ஏறும். 28 பாகை வெப்பத்தில் தண்ணீரின் பீ.எச். அளவு 7இலிருந்து 8ஆக உயர்ந்தால் அதே அமோனியாவில் நஞ்சான பகுதி ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. குளிரான மலைநாட்டில் தப்பும் மீன் வன்னியில் தப்பாது. ஆகையால் நாம் கூடிய பொறுமையோடு இருக்க வேண்டும்.

செய்யும் முறை இது:

முதல் நாள்: கழுவிய கல் இட்டு, தண்ணீர் நிரப்புங்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கும். உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப் பிடிக்க விடுங்கள். குளோரின் இட்ட குழாய்நீர் அல்லது பவுசர் தண்ணீரானால் அகன்ற வாளிகளில் திறந்து வைத்து ஒரு நாள் கழித்து ஊற்றுங்கள். பஞ்சு வடியும் காற்றுப் பம்பியும் இருந்தால் அன்றே ஓடவிடுங்கள்.

இரண்டாம் நாள் முதல்: மீன் இல்லாமலே, மீன் இருப்பது போல, ஒரு சிறு சிட்டிகை மீனுணவை நாளாந்தம் இடுங்கள். அது அழுகி அமோனியாவாகிப் பற்றீரியாவுக்கு இரையாகும். நோயில்லாமல் ஒரு வருடமாக மீன் வளர்க்கும் வீடு அயலில் இருந்தால், அவர்களுடைய வடிபஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிடக் கேளுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது அது. காலம் குறையும்.

மூன்றாம், நான்காம் நாள்: தண்ணீர் பால்போல் கலங்கலாம். பயந்து ஊற்றிவிட வேண்டாம். தானே தெளியும்.

நான்கு முதல் ஆறு கிழமை: காத்திருங்கள். அலங்கார மீன் கடைகளில் அமோனியாவும் நைத்திரைற்றும் பார்க்கும் சோதனைப் பொருள் விற்பனையாகிறது. ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். இரண்டும் பூச்சியம் காட்டி, நைத்திரேற்று தெரிந்தால் தண்ணீர் பழகிவிட்டது. சோதிக்க வசதியில்லாதோர் ஆறு கிழமை முழுவதும் பொறுத்திருப்பதே நல்லது. இக்காலத்தில் வலைமூடியை எடுக்க வேண்டாம். மீனில்லாத தண்ணீர் நுளம்புக்கு விருந்து.

7. மீன் விடுதலும் பராமரித்தலும்

54 லீற்றர் தொட்டிக்கு முதலில் மூன்று கப்பி மட்டும். இரு கிழமை சுகமாக இருந்தால் இன்னும் மூன்று. பம்பி இல்லாத தொட்டியில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். மீன் வந்த பையைத் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கலந்து, பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம்.

உணவு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. தொட்டியில் மீன் இறப்பது பெரும்பாலும் பசியாலல்ல. நாம் அன்பு மிகுந்து போட்ட உணவாலே. பிள்ளைகளில் ஒருவரை மட்டும் உணவுக்குப் பொறுப்பாக்குங்கள். ஐந்து பேர் ஐந்து முறை போட்டால் தண்ணீர் கெடும்.

கிழமைக்கொருமுறை காற்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரை வாழைக்கும் கத்தரிக்கும் ஊற்றுங்கள், அது உரம். வடிபஞ்சை எடுத்த அதே தண்ணீரில் அலசுங்கள்; குளோரின் நீரில் அலசினால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கினால், செவுள் சிவந்தால், செட்டையை மடித்து மூலையில் நின்றால் உணவை உடனே நிறுத்தி, மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மருந்தைத் தேடி ஓடவேண்டாம். அநேகமாக அது நோயன்று, தண்ணீர்.

கப்பி குஞ்சு ஈனும் மீன். ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை பெண்மீன் குஞ்சு ஈனும். தாய்மீனே குஞ்சைத் தின்னவும் பார்க்கும். நீர்ச்செடி அடர்ந்திருந்தால் குஞ்சுகள் ஒளித்துத் தப்பும்.

8. வளவில் கிடக்கும் சீமெந்துத் தொட்டிகள்

திரும்பிவந்த வளவுகளில் பழைய சீமெந்துத் தொட்டிகள் உண்டு. மண்ணும் இடிபாடும் நிறைந்த தொட்டியை வெறுங்கையால் தோண்ட வேண்டாம். இனந்தெரியாத உலோகப் பொருள் எதையும் கண்டால் தொடாமல், அசைக்காமல், அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

தொட்டி நல்லதென்று கண்டு புதிதாகப் பூச்சிட்டால், பூச்சிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கும். இரண்டு மூன்று கிழமைக்குத் தண்ணீர் நிரப்பி, மூன்று நாளுக்கொருமுறை வெளியேற்றி நிரப்ப வேண்டும். வாழைத்தண்டை வெட்டி ஊறப்போடும் வழக்கமும் உண்டு. அழுகிய தண்டை அகற்றிக் கழுவிய பின்பே தண்ணீரைப் பழக்கத் தொடங்குங்கள்.

9. அயலாருக்கும் குளத்துக்கும் நாம் கடமைப்பட்டவர்கள்

2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில், இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் நுளம்பு இனமொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் முட்டையிடும் இனம். குடம்பி தின்னும் மீன்களைக் கிணறுகளில் விட்டு அதைத் தடுக்க முயன்றார்கள். இன்றும் மீனில்லாத் தொட்டி திறந்து கிடப்பது அயலவர் யாவருக்கும் ஆபத்து. வளர்ப்பைக் கைவிட்டால் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கிணற்றில் மீன் விட எண்ணினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுச் செய்யுங்கள்.

வேண்டாத மீனை அக்கராயன் குளத்திலோ இரணைமடுவிலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். தொட்டிக் கண்ணாடியின் பாசியைத் தின்னும் மீன் என்று விற்கப்படும் கவச மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. இலங்கையின் குளங்கள் சிலவற்றில் அது இப்போது பெருகிக் கிடக்கிறது. விற்க முடியாத அம்மீன் வலைகளைக் கிழிக்கிறது. எவரோ தொட்டியைக் காலிசெய்த ஒரு மாலை வேளையில் தொடங்கிய கேடு அது. குளத்து மீனை நம்பி வாழும் குடும்பங்களும் எம்மைப் போன்றவர்களே.

நினைவிற் கொள்க

• முன்பு என்ன இருந்தது என்று தெரியாத தொட்டி வேண்டாம்.
• ஒழுக்குப் பார்த்தபின் கழுவுக; சவர்க்காரம் வேண்டாம்.
• புளிப்பையும் குளோரினையும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.
• கை விடுமுன் பிளக்கைக் கழற்றுக. தொட்டிக்கு மூடி போடுக.
• கழுவியபின் ஆறு கிழமை பொறுத்திருக்க. பின்பு மூன்று மீனோடு தொடங்குக.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் வெறுமையாகக் கிடக்கும் தொட்டிகள் எத்தனை? அவற்றில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?
2. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு சோதனைப் பொருளும் ஒரு நல்ல பம்பியும் வாங்க எவ்வளவு சேமிக்க வேண்டும்?
3. நன்றாக மீன் வளர்க்கும் ஒரு வீட்டை எமது குழு பார்க்கப் போகலாமா? அவர்களிடம் என்னென்ன கேட்போம்?
4. ஆறு கிழமை வெறுந்தண்ணீரைப் பார்த்துக் காத்திருப்பது பிள்ளைகளுக்குக் கடினம். அக்காலத்தில் அவர்களுக்கு எந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்?